செகண்ட் ஹேண்ட் சைகோ ஆட்டோமேட்டிக் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்பியவர்கள் கையில் சைகோ 5 வந்த காலத்திலிருந்தே நம்மிடையே இந்த வாட்ச்சுக்குத் தனி மதிப்பு உண்டு. இப்போது சேகரிப்புக்காகவே அதைத் தேடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். சந்தேகங்கள் மட்டும் பெரும்பாலும் அதேதான். 1996க்குப் பிறகு வந்த சைகோ ஆட்டோமேட்டிக்குகளை முக்கியமாக எடுத்துக்கொண்டு, கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில் தொகுத்திருக்கிறோம்.

1. ஆட்டோமேட்டிக்னா பேட்டரியே கிடையாதா? கழட்டி வச்சா நின்னுடுமா?

பேட்டரி கிடையாது. கை அசையும்போது உள்ளே இருக்கும் அரைவட்ட ரோட்டர் சுழன்று மெயின் ஸ்பிரிங்கை முறுக்கேற்றும். முழு முறுக்கில் இருக்கும் வாட்ச், கழற்றி வைத்தபின் சுமார் 40 மணி நேரம் ஓடும். வெள்ளி இரவு கழற்றி வைத்தது ஞாயிறு மதியத்துக்கு மேல் நின்றிருந்தால் அது பழுதில்லை.

டயலில் ‘கைனெடிக்’ என்று எழுதியிருக்கும் சைகோவையும் பலர் ஆட்டோமேட்டிக் என்றே விற்கிறார்கள். அதிலும் ரோட்டர் உண்டு. ஆனால் அது மின்சாரம் உண்டாக்கி ஒரு செல்லில் சேமிக்கும், நேரம் காட்டுவது குவார்ட்ஸ். வினாடி முள் வினாடிக்கு ஒரு முறை துள்ளினால் அது கைனெடிக். ஆட்டோமேட்டிக்கில் முள் வினாடிக்கு ஆறு சிறு அடிகளாக வழுக்கிக்கொண்டு போகும்.

2. இதுதான் என் முதல் வாட்ச். எந்த மாடலைத் தேடட்டும்?

எஸ்என்கே809 சின்னது: 37 மி.மீ. கேஸ் (வாட்ச்சின் உடல்), 18 மி.மீ. பட்டை, 30 மீட்டர் நீர்த்தாங்கு அளவு, பின்மூடி கண்ணாடி. மெலிந்த மணிக்கட்டுக்கு நன்றாகப் பொருந்தும். எஸ்கேஎக்ஸ்007 முக்குளிப்போருக்கானது: சுமார் 42.5 மி.மீ., 22 மி.மீ. பட்டை, 200 மீட்டர், திருகி மூடும் கிரவுன் (நேரம் வைக்கும் பக்கவாட்டுக் குமிழ்). 1996 முதல் 2019 வரை வந்தது. அதன் சிறிய வடிவம் எஸ்கேஎக்ஸ்013. எஸ்ஏஆர்பி033 உடுப்போடு அணியத் தக்கது. சஃபையர் கண்ணாடி, 6ஆர்15 மெஷின்.

2019இல் வந்த எஸ்ஆர்பிடி வரிசை பார்க்க எஸ்கேஎக்ஸ் போலவே இருக்கும். ஆனால் அது 100 மீட்டர்தான், கிரவுன் திருகி மூடாது. அதை ‘டைவர்’ என்று சொல்லி எஸ்கேஎக்ஸ் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். முதல் வாட்சுக்கு எங்கள் பரிந்துரை எஸ்என்கே809 அல்லது எஸ்ஆர்பிடி. எஸ்கேஎக்ஸ், எஸ்ஏஆர்பி இரண்டும் உற்பத்தி நின்றபின் விலை ஏறியவை. அந்த விலைக்கு உறுப்புகள் அசலா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கண் இரண்டாவது மூன்றாவது வாட்ச்சில்தான் வரும்.

3. 7எஸ்26, 4ஆர்36, 6ஆர்15னு சொல்றாங்களே, அதெல்லாம் என்ன?

வாட்ச்சின் உள்ளே ஓடும் மெஷின்களின் பெயர்கள். 7எஸ்26இல் 21 ஜுவல் (உராய்வைக் குறைக்கும் சிறு கற்கள்), மணிக்கு 21,600 துடிப்பு. கிரவுனைத் திருகிக் கீ கொடுக்க முடியாது. கிரவுனை இழுத்தாலும் வினாடி முள் நிற்காது. 4ஆர்36 அதே குடும்பம்தான், ஆனால் கீயும் கொடுக்கலாம், வினாடி முள்ளும் நிற்கும். 6ஆர்15இல் இவற்றோடு 50 மணி நேர ஓட்டம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு பிசகலாம் என்று சைகோவே எல்லை சொல்லியிருக்கிறது: 7எஸ்26க்கு 40 வினாடி வேகம் முதல் 20 வினாடி தாமதம் வரை, 4ஆர்36க்கு 45 வேகம், 35 தாமதம், 6ஆர்15க்கு 25 வேகம், 15 தாமதம். ஒரு 7எஸ்26 நாளுக்கு 15 வினாடி வேகமாக ஓடுகிறது என்று விலை குறைக்கச் சொல்வது நியாயமில்லை.

4. பின்மூடில ஆறு இலக்க நம்பர் இருக்கு. அத வச்சு எந்த வருஷம்னு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், பாதி அளவுக்கு. முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது இடத்தில் இருப்பது மாதம்: ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9, பிறகு அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு அந்த ஆங்கில மாதப் பெயர்களின் முதல் எழுத்து. அக்டோபரின் எழுத்தைப் பூஜ்யம் என்று படித்துவிட்டுக் குழம்புகிறவர்கள் நிறைய. எண் 8 என்று தொடங்கி அடுத்து நவம்பரின் எழுத்து வந்தால், 8இல் முடியும் ஏதோ ஓர் ஆண்டின் நவம்பர்.

எந்தப் பத்தாண்டு என்பதை மாடல்தான் சொல்லும். எஸ்கேஎக்ஸ்007 என்றால் 1998, 2008, 2018 மூன்றுமே சாத்தியம். அங்கே மெஷினின் பதிப்பு உதவும்: 7எஸ்26 என்பதை அடுத்து ஏ, பி, சி என ஓர் எழுத்து பொறித்திருக்கும். ஏ முதலில் வந்தது, சி கடைசி. விற்பவர் 1998 என்கிறார், உள்ளே சி பதிப்பு இருக்கிறது என்றால் ஒன்று ஆண்டு தவறு, இல்லை மெஷின் மாற்றியது.

அதே மூடியில் 7எஸ்26-0020 என்பது போல இன்னொரு எண் இருக்கும். முன்பாதி மெஷின், பின்பாதி கேஸ். 0020 எஸ்கேஎக்ஸ்007க்கும் அதன் நீல-சிவப்புச் சகோதரன் எஸ்கேஎக்ஸ்009க்கும் பொது. 0030 என்றால் எஸ்கேஎக்ஸ்013. டயலின் அடி விளிம்பில் பொடி எழுத்திலும் மெஷின் எண் அச்சாகியிருக்கும். அங்கே வேறு மெஷின் பெயர் இருந்தால் டயல் வேறு வாட்சிலிருந்து வந்தது.

5. விக்கிறவர் வேற ஊர்ல இருக்கார். என்னென்ன போட்டோ கேக்கணும்?

நேர் முன்பக்கம், எண்கள் தெரியும்படி பின்மூடி, நான்கு கொம்புகளும் (பட்டை மாட்டும் முனைகள்) பக்கவாட்டில், கிரவுன் திறந்த நிலையில் ஒன்று. எல்லாம் வெயில் நேராகப் படாத பகல் வெளிச்சத்தில். ஒரு படத்தில் மட்டும் வாட்ச் பக்கத்தில் அன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதிய துண்டுச் சீட்டு இருக்கட்டும். இணையத்திலிருந்து எடுத்த படத்தை அது வடிகட்டிவிடும்.

ஒரு வீடியோவும் அவசியம். நின்றிருக்கும் வாட்சை எடுத்து ஆட்டி, முள் ஓடத் தொடங்குவதையும், முள்ளைத் திருப்பி 12ஐத் தாண்டும்போது தேதி மாறுவதையும் ஒரே எடுப்பில் காட்டச் சொல்லுங்கள். பின்மூடி திறந்த படம் கிடைத்தால் நல்லது. ஆனால் கருவி இல்லாதவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கத்தி வைத்து நெம்பினால் மூடியில் கீறல் விழும், அது உங்கள் வாட்சாகிவிடும்.

6. நேர்ல போய் பார்க்கிறேன். கால் மணி நேரத்துல என்னென்ன செக் பண்ணணும்?

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்றும் போனும் போதும். முந்திய இரண்டு நாள் வாட்சைக் கட்டாமல் நிற்க விடும்படி முன்பே சொல்லிவையுங்கள். கையில் வாங்கியதும் பக்கவாட்டில் நான்கைந்து தடவை மெதுவாக ஆட்டினால் நல்ல மெஷின் ஓடத் தொடங்கும். நிறைய குலுக்கியும் தயங்கினால், அல்லது ஓடி உடனே நின்றால், ஆயில் வறண்டிருக்கிறது.

அடுத்து கிரவுன். எஸ்கேஎக்ஸ் என்றால் திருகைத் திறந்து மூடுங்கள். மரை சறுக்காமல் பிடிக்க வேண்டும். மரை தேய்ந்திருந்தால் கிரவுனோடு குழாயையும் மாற்ற வேண்டிவரும். முள்ளை 6 மணியில் வைத்துவிட்டு தேதியையும் கிழமையையும் நேரடியாக மாற்றிப் பாருங்கள். பிறகு முள்ளை முன்னோக்கித் திருப்பி நள்ளிரவைத் தாண்டுங்கள். தேதி 12ஐ ஒட்டி மாறும். கிழமை வளையத்தில் இரண்டு மொழிகள் மாறி மாறி இருப்பதால், கிழமை முதலில் அடுத்த மொழிக்கு நகர்ந்து, அதிகாலை 3, 4 மணிவாக்கில்தான் சரியான இடத்துக்கு வரும். இது பழுதென்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. தேதி இரண்டு எண்களுக்கு நடுவில் சிக்கி நின்றால்தான் பழுது.

எஸ்கேஎக்ஸ் பெசல் (கண்ணாடியைச் சுற்றியுள்ள சுழலும் வளையம்) ஒரு திசையில் மட்டும், 120 கிளிக்கில் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இறுகி நின்றால் அடியில் உப்பும் அழுக்கும். கழற்றிக் கழுவினாலே பெரும்பாலும் சரியாகும். வாட்சைக் காதில் வைத்து ஆட்டுங்கள். ரோட்டர் சுழலும் மெல்லிய சர்ர் ஒலி சரி. உலோகம் உரசும் ஒலி வந்தால் ரோட்டர் தளர்ந்து ஆடுகிறது. லூப் வைத்து டயலின் விளிம்பையும் முட்களின் நடுத்தண்டையும் பாருங்கள்: புள்ளிப்புள்ளியாகத் துரு அல்லது வெண்பூச்சு இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சந்தேகம் இருந்தால் வாட்சை உள்ளங்கையில் பத்து நிமிடம் மூடிச் சூடேற்றி, கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். உள்பக்கம் பனி படர்ந்தால் வாங்க வேண்டாம், எவ்வளவு விலை குறைத்தாலும்.

7. போன் ஆப்ல டைமிங் பார்க்கலாமா? அதுல வர நம்பரெல்லாம் புரியல.

பார்க்கலாம். அமைதியான அறையில், வாட்சை மைக்கோடு ஒட்டி வையுங்கள். முறுக்கு முழுதாக இருக்க வேண்டும்: 4ஆர்36 என்றால் கிரவுனை 55 சுற்று, 7எஸ்26 என்றால் சில நிமிடம் ஆட்டல். ஆப்பில் துடிப்பு 21,600, லிஃப்ட் ஆங்கிள் (மெஷினுக்கு மெஷின் மாறும் ஒரு கோண அளவு) 53 டிகிரி என்று போடுங்கள். 53 போடாவிட்டால் ஆம்ப்ளிட்யூட் தவறாக வரும்.

முதல் எண், நாளுக்கு எத்தனை வினாடி பிசகு. இதை டயல் மேலே பார்த்தபடி, கீழே பார்த்தபடி, பிறகு கிரவுன் நான்கு திசையிலும் எனப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் கொஞ்சம் மாறுவது இயல்பு. ஆம்ப்ளிட்யூட் என்பது, இருபுறமும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் எவ்வளவு வீச்சில் ஆடுகிறது என்பது. முழு முறுக்கில், டயல் மேலே இருக்கும்போது 7எஸ்26இல் 230 டிகிரிக்கு மேல் வந்தால் நிம்மதி. 200க்குக் கீழ் என்றால் சர்வீஸ் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். பீட் எரர் (‘டிக்’குக்கும் ‘டாக்’குக்கும் உள்ள கால வேறுபாடு) ஒரு மில்லிசெகண்டுக்குள் இருந்தால் போதும்.

வினாடிப் பிசகைவிட ஆம்ப்ளிட்யூட்தான் முக்கியம். பிசகை ஒரு சிறு நெம்பைத் தள்ளி யாரும் ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம். அழுக்கு மெஷினிலும் ‘பிளஸ் 2 வினாடி’ காட்ட வைக்கலாம். வீச்சை அப்படி மாற்ற முடியாது. போன் மைக்கில் இந்த எண் சற்றுத் தடுமாறும் என்பதால் மூன்று நான்கு முறை எடுத்துப் பாருங்கள்.

8. ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுதுன்னு விலை குறைச்சுத் தரேங்கிறார். வாங்கலாமா?

திடீரென்று அவ்வளவு வேகம் கூடினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கிறது. ஸ்பீக்கர், காந்த போன் கவர், பையின் காந்தப் பூட்டு இவற்றின் அருகே வைத்தால் ஹேர்ஸ்பிரிங்கின் (பேலன்ஸ் சக்கரத்தோடு இருக்கும் மெல்லிய சுருள் ஸ்பிரிங்) சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் நீளம் குறைந்தது போலாகி வேகம் எகிறும். திசைகாட்டி ஆப்பைத் திறந்து, வாட்சை மேலே மெதுவாக நகர்த்துங்கள். முள் பெரிதாக அலைந்தால் காந்தம்தான். காந்தம் நீக்கும் கருவியில் அரை நிமிட வேலை.

திசைகாட்டி அசையவில்லை என்றால் ஹேர்ஸ்பிரிங் நெளிந்திருக்கலாம், ஆயில் அதில் பட்டிருக்கலாம். அப்போது 7ஆம் கேள்வியில் சொன்ன ஆம்ப்ளிட்யூட்டையும் பார்த்து முடிவெடுங்கள்.

9. பேர் கடைசில ‘ஜே’ இருந்தா ஒரிஜினல் ஜப்பான், ‘கே’ இருந்தா மட்டமா?

இல்லை. ஜே மாடலின் டயலில் ஜப்பானில் செய்தது என்று அச்சாகியிருக்கும், கேயில் இருக்காது. மெஷின் ஒன்றே, தரமும் ஒன்றே. சேகரிப்பவர்கள் ஜேக்குக் கூடுதல் விலை தருகிறார்கள் என்பது சந்தை நடப்பு. அந்தக் கூடுதல் விலைக்காகவே ஜே டயலை வாங்கி கே வாட்சில் மாட்டுகிறவர்களும் உண்டு. அணிவதற்கு என்றால் கேயை வாங்கி, மிச்சப் பணத்தில் சர்வீஸ் செய்துகொள்ளுங்கள்.

10. எஸ்கேஎக்ஸ்007 ஒண்ணு பார்த்தேன். கிரவுனை இழுத்தா செகண்ட் முள் நிக்குது, கீயும் ஏறுது. ‘அப்கிரேட்’ன்றார். நல்லதுதானே?

3ஆம் கேள்வியில் சொன்னபடி 7எஸ்26இல் இரண்டும் நடக்காது. ஆகவே உள்ளே இருப்பது பெரும்பாலும் என்ஹெச்36. 4ஆர்36இன் இரட்டை, சைகோவே மற்ற கம்பெனிகளுக்கு விற்கும் மெஷின். அளவு ஒத்துப்போவதால் நேராக உட்கார்ந்துவிடும். தினமும் கட்டுவதற்கு இது உண்மையிலேயே வசதிதான், ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது.

சேகரிப்புக்கு என்றால் கணக்கு வேறு. கழற்றிய 7எஸ்26ஐயும் சேர்த்துத் தருவாரா என்று கேளுங்கள். தந்தால் வாங்கலாம். இல்லையென்றால் அசல் விலை கொடுக்காதீர்கள். மெஷின் மாற்றியவர் முட்கள், டயல், கண்ணாடி, பெசல் தட்டு எனக் கைவைத்திருக்கவும் வாய்ப்புண்டு; எஸ்கேஎக்ஸுக்கு வெளியார் உறுப்புகள் கிடைப்பதுபோல் வேறெந்த வாட்சுக்கும் கிடைப்பதில்லை. எது அசல், எது மாற்றியது என்று எழுதி வாங்குங்கள்.

11. டயலைச் சுத்தியிருக்கிற உள்வளையக் கோடு 12க்கு நேரா இல்ல. டூப்ளிகேட்டா?

இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உள்வளையமும் பெசலும் ஒரு முடி அளவு விலகியிருப்பது கடையில் புதிதாக வாங்கும் சைகோவிலேயே அடிக்கடி காணப்படும் குறை. போலியைக் காட்டிக்கொடுப்பவை வேறு: லூப்பில் பார்த்தால் எழுத்தின் ஓரம் பிசிறுவது, விளக்கை அணைத்தால் ஒளிராத குறிகள், பொருந்தாத 4ஆம் கேள்வி எண்கள், இரு திசையிலும் சுற்றும் பெசல். எஸ்கேஎக்ஸ் பின்மூடியின் நடுவில் இருக்கும் அலைச் சின்னம் ஆழமில்லாமல் மேலோட்டமாகப் பொறித்திருந்தாலும் தள்ளி நில்லுங்கள்.

12. நாப்பது வருஷப் பழைய சைகோ 5, புத்தம் புதுசா பளபளன்னு இருக்கு, விலையும் கம்மி. எப்படி?

டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்து, கேஸை பாலிஷ் போட்டு விற்பவை அவை. மும்பையிலிருந்து நிறைய வருவதால் உலகம் முழுக்க சேகரிப்பவர்களிடையே அந்த ஊர்ப் பெயரிலேயே அறியப்படுகின்றன. 1970கள், 80களின் 6309, 7009 மெஷின்கள்தான் அதிகம். அந்த மாடலில் சைகோ விற்காத நிறங்கள், தடித்த எழுத்துகள், டயலின் அடியில் காணாமல்போன பொடி எண். உள்ளே பல வாட்ச்களின் உறுப்புகள் கலந்திருக்கும். சேகரிப்புக்கு வேண்டாம்.

புதிய மாடல்களிலும் பாலிஷ் ஒரு பிரச்சினைதான். கோடு கோடாகத் தேய்த்த பரப்பும் பளிங்குப் பரப்பும் சந்திக்கும் விளிம்பு கூராக இருக்க வேண்டும். அது மழுங்கியிருந்தால், பின்மூடி எழுத்து பாதி அழிந்திருந்தால், இரும்பு போய்விட்டது, திரும்பாது. கீறல் உள்ள, பாலிஷ் போடாத கேஸே மேல்.

13. 200 மீட்டர்னு போட்டிருக்கு. குளிக்கும்போது போடலாமா?

பழைய வாட்சில் அந்த எண் செய்த நாளுக்கானது. பின்மூடியிலும் கிரவுனிலும் இருக்கும் ரப்பர் கேஸ்கட் (நீர் புகாமல் அடைக்கும் வளையம்) ஆண்டுகள் போகப் போக இறுகி வெடிக்கும். மாற்றி, காற்றழுத்தச் சோதனை செய்யும்வரை சுழியம் மீட்டர் என்றே வையுங்கள். இரண்டு கேஸ்கட்டும் சிலிக்கோன் கிரீசும் மலிவு. சோதனைக் கருவி எல்லாக் கடையிலும் இருக்காது, கேட்டுவிட்டுக் கொடுங்கள். வெந்நீர்க் குளியலும் சோப்பும் எஸ்கேஎக்ஸுக்குக்கூட வேண்டாம்.

14. ‘இப்பதான் சர்வீஸ் பண்ணினேன்’னு எல்லாரும் சொல்றாங்க. எப்படி நம்புறது?

சர்வீஸ் என்றால் மெஷினை முழுதாகப் பிரித்து, கழுவி, இடத்துக்கு ஏற்ற ஆயில் போட்டு, பூட்டி, டைமிங் பார்ப்பது. பின்மூடியைத் திறந்து ஒரு சொட்டு விடுவது சர்வீஸ் இல்லை; அது ஹேர்ஸ்பிரிங்கில் பட்டால் கெடுதலே. பில்லும், சர்வீஸ் முடிந்தபின் எடுத்த டைமிங் எண்களும் கேளுங்கள். இல்லையென்றால் செய்யாத வாட்ச் என்றே விலை பேசுங்கள். திறந்து பார்க்க முடிந்தால் திருகுத் தலைகளைப் பாருங்கள்: பள்ளம் கிழிந்திருந்தால் தெரியாத கை பட்டிருக்கிறது.

7எஸ்26க்கு முறையான சர்வீஸ் செலவும் புது என்ஹெச்36 விலையும் பல இடங்களில் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகிறது. அதனால்தான் 10ஆம் கேள்வியில் சொன்ன மாற்றம் இவ்வளவு பரவியிருக்கிறது. சேகரிப்புக்கு வைப்பவர்கள் அசல் மெஷினையே சர்வீஸ் செய்யுங்கள், கொஞ்சம் கூடுதலானாலும்.

15. டிஸ்ஸோ, சிட்டிசன் ஆட்டோமேட்டிக் பார்த்தாலும் இதே செக் போதுமா?

பெரும்பாலும். சிட்டிசனின் மியோட்டா 8200 வரிசை மெஷின் ஒரு திசையில் மட்டுமே முறுக்கேற்றும். மறு திசையில் ரோட்டர் விர்ரென்று சுற்றும் ஒலி இயல்பு. அதில் வினாடி முள் எப்போதாவது ஒரு கணம் தயங்குவதும் அமைப்பால் வருவது. ஸ்விஸ் மெஷின்களான இடிஏ 2824-2, செல்லிட்டா எஸ்டபிள்யூ200 இரண்டும் மணிக்கு 28,800 துடிப்பு, லிஃப்ட் ஆங்கிள் 50. இவற்றில் கீ கொடுக்கும்போது ரோட்டரும் சேர்ந்து சுழன்றால் ரிவர்சர் சக்கரங்கள் (ரோட்டரின் சுழற்சியை முறுக்காக மாற்றுபவை) வறண்டிருக்கின்றன, சர்வீஸ் உறுதி.

டிஸ்ஸோ பவர்மேட்டிக் 80இல் சில பதிப்புகளில் துடிப்பை நடத்தும் உறுப்புகள் செயற்கைப் பொருளால் ஆனவை. அவற்றைப் பிரித்துப் பழுது பார்ப்பதைவிட மெஷினையே மாற்றுவதுதான் வழக்கம். பிசகு அதிகமான பவர்மேட்டிக்கை ‘சின்ன ரிப்பேர்’ என்று நம்பி வாங்காதீர்கள்.

16. ஆன்லைன்ல அட்வான்ஸ் கேக்கிறார். கியூஆர் அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொல்றார்...

பணம் பெறுவதற்கு யாரும் ஸ்கேன் செய்யவோ யூபிஐ பின் போடவோ தேவையில்லை. பின் போட்டாலே பணம் உங்களிடமிருந்துதான் போகும். ‘ரீஃபண்ட் அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணுங்கள்’ என்றால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். முடிந்தவரை நேரில், இல்லாவிட்டால் பொருள் வந்து பார்க்கும்வரை பணத்தைப் பிடித்துவைக்கும் தளம் வழியாக. பார்சல் வந்ததும் சீலிலிருந்து தொடங்கி வெட்டாமல் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரி வாட்ச் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த தொகைக்கு. அதைக் கூட்டிய பிறகு உள்ளூர் விலையோடு ஒப்பிடுங்கள்.

17. இப்ப நாலு வாட்ச் சேர்ந்துடுச்சு. எல்லாத்தையும் ஓட வைக்க வைண்டர் பெட்டி வாங்கணுமா?

வேண்டியதில்லை. நிற்கும் மெஷின் தேய்வதில்லை. மாதம் ஓரிரு முறை ஒவ்வொன்றையும் ஒரு நாள் கட்டினால் போதும். எடுத்துக் கட்டும்போது தேதி மாற்றுவதில் மட்டும் கவனம்: முள் இரவு 9 முதல் அதிகாலை 4 வரையிலான பகுதியில் இருக்கையில் நேரடியாகத் தேதியை நகர்த்தினால் தேதிப் பல் உடையும். செகண்ட் ஹேண்டில் தேதி சிக்கும் வாட்ச் இவ்வளவு கிடைப்பதற்கு அதுவே காரணம். முதலில் முள்ளை 6க்குக் கொண்டுவாருங்கள், தேதியை முந்திய நாளுக்கு வையுங்கள், பிறகு முள்ளைத் திருப்பி இன்றைய தேதிக்கு வாருங்கள்.

கடலோர ஊர் என்றால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, ஈரம் ஏறியதும் மாற்றுங்கள். தோல் பட்டையை வியர்வையோடு உள்ளே வைக்காதீர்கள், பூஞ்சை டயல் பக்கமும் வரும். எந்த வாட்ச் எந்த நிலையில் படுத்தால் எத்தனை வினாடி பிசகுகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்துக்கொண்டால், பகலில் கூடுவதை இரவில் குறையும் நிலையில் வைத்தே சமன் செய்துவிடலாம்.